கையால் எழுதிய கடைசிப் பக்கம்

இயேசு மரி சூசை துணை

வரதராசன்பேட்டை,
6-8-2023

அன்புள்ள பேரன் ஆல்பர்ட்டுக்கு அம்மாயி மரிய புஷ்பம் எழுதிக்கொள்வது. என் முட்டிவலியைத் தவிர இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. உனக்குச் சளி விட்டதா, சோறு இறங்குகிறதா என்று மறைக்காமல் எழுது.

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அனிதா மேரிக்குச் சென்னையில் நர்ஸ் வேலை நிரந்தரமாகிவிட்டது. அவள் வார்டில் பெரிய டாக்டரே இவளைக் கேட்டுத்தான் மருந்து மாற்றுகிறாராம். சாம் பெரம்பலூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். இதுவரை ஒரு பேப்பர்கூட நிற்கவில்லை. ஏஞ்சல் மேரி பத்தாம் வகுப்பில் நானூற்று எழுபத்தொன்று. ஞாயிறு பூசையில் சாமியார் பேர் வாசித்தார், நான் முன் வரிசையில் இருந்தேன். நீ இருபத்திரண்டு வயதில் ஹெவி லைசென்ஸ் எடுத்தாய், நம் தெருவில் நீதான் முதல் ஆள். அதையும் இந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் எனக்குப் பேரன் பேத்தி நாலு பேர் என்றுதான் சொல்கிறேன். மூன்று என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

போன் பேசுகிற நாளில் உனக்குக் கொடுக்கிற நேரம் எனக்கு அழுவதற்கே போய்விடுகிறது. எழுதினால் பேச்சு வருகிறது. அதனால் கேட்கிறேன். போன கார்த்திகையில் செந்துறை ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி அடித்துப் பச்சையம்மாள் என்கிற பொம்பளை செத்துப்போனாள். லாரியில் இருந்தது நீயும் அந்த இன்னொரு டிரைவர் அமிர்தலிங்கமும். ஓட்டியது நான்தான் என்று நீ போலீசில் சொன்னாய். ஜட்ஜ் கேட்டபோதும் சொன்னாய். ஒரு வருஷம் போட்டார்கள். அப்பீல் வேண்டாம் என்றுவிட்டாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. வண்டியை ஓட்டியது நீயா? ஒரு வரி போதும்.

இத்துடன் ஒரு கதை வைத்திருக்கிறேன். ஆண்டிமடம் பழைய பேப்பர் கடையில் பச்சை அட்டை போட்ட துப்பறியும் சிறுகதைத் தொகுப்பு கிடைத்தது, இருபத்தோரு கதை. நேரில் கொண்டு வந்தபோது கெட்டி அட்டைப் புத்தகம் உள்ளே போகாது என்று திருப்பிவிட்டார்கள். அதனால் அட்டையைக் கிழித்து, கதை கதையாகப் பிரித்துத் தைத்துவிட்டேன். அதில் ஒரு சங்கடம். ஒரு கதை முடிகிற தாளின் பின்பக்கத்திலேயே அடுத்த கதை ஆரம்பிக்கிறது. தாளை இந்தக் கதைக்குக் கொடுத்தால் அடுத்ததற்குத் தலை போய்விடும். எனவே முடிவை மட்டும் நான் கையால் பார்த்து எழுதி, கடைசித் தாளாகச் சேர்த்திருக்கிறேன். ஓரத்தில் கறுப்பாக இருப்பது முந்திரிக்கொட்டை உடைக்கிற எண்ணெய், சோப்புப் போட்டும் விரலை விட்டுப் போகவில்லை.

நான் அஞ்சாம் வகுப்பு. பெரிய நாவலை எடுத்தால் நடுவில் யார் யாருக்கு மகன் என்பதே மறந்துவிடுகிறது. இது உலை வைத்து வடிப்பதற்குள் ஒன்று முடிந்துவிடும். எல்லாக் கதையிலும் அதே துப்பறிவாளர் நீலமேகம், டவுனில் வாட்ச் ரிப்பேர் கடை மாடியில் ஆபீஸ். போலீஸ் ஆள் இல்லை. யாராவது ஒருத்தர் படியேறிப் போய், ஊரே எங்கள் ஆளைத் தப்பாகச் சொல்கிறது, நீங்கள் வந்து பாருங்கள் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். ஊர் சொல்வதை விட்டுவிட்டு அந்த ஒருத்தர் பேச்சைக் கேட்டு வருகிறாரே, அதற்காகவே படிக்கிறேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் பார்க்கிற ஆபீசர் ஐயாவுக்கு என் வணக்கம். நீங்களும் படியுங்கள். யார் செய்தது என்று மட்டும் இவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

மாதா உன்னைக் கைவிட மாட்டாள்.

உன் அம்மாயி,
மரிய புஷ்பம்

திருச்சி,
3-9-2023

அன்புள்ள அம்மாயிக்கு,

சளி போய்விட்டது. சோறு பழகிவிட்டது. முட்டிக்குத் தைலம் மட்டும் தேய்க்காதே, அனிதாவைக் கேட்டு மாத்திரை வாங்கு.

கதை கிடைத்தது. நான் மட்டும் படிக்கலாம் என்று எடுத்தேன், விடவில்லை. எங்கள் அறையில் ஏழு பேர். எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிற அமாவாசை என்று ஒருவர், அண்ணன் தம்பி அடிதடியில் வந்தவர், அவருக்கு எழுத்துத் தெரியாது. சத்தமாகப் படி என்றார். தினமும் மதியம் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். உன் கையெழுத்துப் பக்கம் வரும் முன்னால் நிறுத்திவிட்டேன். ஆளுக்கு ஒரு பேர் சொல்லிச் சண்டை போட்டார்கள். அப்புறம் உன் தாளைப் பிரித்ததும் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

இங்கே இருக்கிறவர்களுக்கு இந்த மாதிரிக் கதை ஏன் பிடிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அமாவாசையைக் கேட்டேன். அவர் சொன்னார்:

"கதையில செஞ்சவன் ஒருத்தன்தான் தம்பி. அவனக் கண்டுபிடிச்சிட்டா மீதிப் பேரு பூரா நல்லவன் ஆயிடறான். படிக்கக் கேக்கறப்ப நாமளும் அந்த மீதிப் பேர்ல இருக்கற மாதிரி இருக்கு."

அடுத்த கதையை அனுப்பு. ஏஞ்சலிடம் நான் சந்தோஷப்பட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
ஆல்பர்ட்

இயேசு மரி சூசை துணை

வரதராசன்பேட்டை,
8-10-2023

அன்புள்ள ஆல்பர்ட்டுக்கு அம்மாயி எழுதுவது. மாத்திரை வாங்கிவிட்டேன், வலி மாத்திரையைப் பார்த்து அடுத்த காலுக்குப் போய்விட்டது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சளியைப் பற்றி எழுதினாய், கரும்பு வெட்டுகிறவரைப் பற்றி எழுதினாய், நான் கேட்ட ஒன்றுக்குப் பதில் இல்லை. மறந்து விட்டுப்போனதில்லை அது. நீலமேகம் சொல்வார், ஒருவன் எதைப் பற்றிப் பேசவில்லையோ அதைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும் என்று. குறித்துக்கொண்டேன்.

நான் படித்தவரைக்கும் பார்த்துவிட்டேன். எந்தக் கதையிலும் முதலில் வந்து நான்தான் செய்தேன் என்று ஒத்துக்கொள்கிறவன் செய்தவன் இல்லை. யாரையோ காப்பாற்றுவதற்காக வாயைத் திறக்கிறான். நீ சின்ன வயதிலேயே அப்படி. சாம் உடைத்த கண்ணாடிக்கு நீ அடி வாங்கினாய்.

அதனால் போன செவ்வாய்க்கிழமை செந்துறைக்கு பஸ் ஏறினேன். உன் அம்மா திருப்பூரிலிருந்து போனில் சத்தம் போட்டாள், காதில் விழாதது மாதிரி வைத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முந்திரிப்பருப்பு விற்க வந்தவள் மாதிரி உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். அமிர்தலிங்கம் லாரியை விட்டுவிட்டாராம். அந்த விபத்துக்கு அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லையாம். முப்பது வருஷம் ஓட்டினவர். ஒன்றும் செய்யாதவர் எதற்கு வேலையை விடுகிறார்? டீக்கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த மனுஷன் புல்லறுத்துக் கட்டிக்கொண்டு செத்தவள் வீட்டுக்குப் போகிறாராம். அவள் மாட்டுக்கு.

 மனசு உறுத்துகிறவன்தான் அந்த வாசலுக்குப் போவான்.

மூன்று கதை வைத்திருக்கிறேன். ஒன்றில் முடிவு கொஞ்சம் நீளம், இரண்டு தாளாகிவிட்டது. என் கையெழுத்தைப் படிக்கத் திணறினால் அமாவாசையிடம் கோபப்பட வேண்டாம் என்று சொல்.

வண்டியை ஓட்டியது அமிர்தலிங்கம்தானே? பயப்படாமல் எழுது.

உன் அம்மாயி,
மரிய புஷ்பம்

திருச்சி,
19-11-2023

அன்புள்ள அம்மாயிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

தயவுசெய்து செந்துறைக்குப் போகாதே. அமிர்தலிங்கம் அண்ணன் நல்ல மனுஷன். அவர் புல் அறுத்துக்கொண்டு போவது நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் யாருக்கும் கதை படிக்கவில்லை.

அவரை விட்டுவிடு. வேறு எதைப் பற்றியாவது எழுது.

இங்கே ஒரு விஷயம் பேசிக்கொண்டோம். இந்தக் கதைகளில் யார் என்று தெரிந்ததும் கதை நின்றுவிடுகிறது. போலீஸ் ஜீப் வருகிறது, அவ்வளவுதான். ஜீப்பில் ஏறினவன் அப்புறம் என்ன ஆனான், எங்கே படுத்தான், யார் அவனுக்குக் கடிதம் போட்டார்கள், ஒரு கதையிலும் இல்லை. அமாவாசை சொல்கிறார், அதை எழுதினால் யாரும் வாங்க மாட்டார்களாம்.

இப்படிக்கு,
ஆல்பர்ட்

இயேசு மரி சூசை துணை

வரதராசன்பேட்டை,
28-12-2023

அன்புள்ள ஆல்பர்ட்டுக்கு, பாலன் பிறந்த நாள் ஆசீர்வாதத்துடன் அம்மாயி எழுதுவது. இங்கே பனி இறங்கிவிட்டது, நெஞ்சைப் போர்த்திப் படு.

அனிதா வந்திருந்தாள், எனக்கு ஸ்வெட்டர். சாமுக்கு காலேஜிலேயே வேலைக்கு ஆள் எடுத்துவிட்டார்கள், படிப்பு முடிந்ததும் கோயம்புத்தூர். ஏஞ்சல் கோவிலில் வாசகம் வாசித்தாள், ஒரு எழுத்து இடறவில்லை. குடிலுக்கு முன்னால் நாலு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

நீ விட்டுவிடு என்று எழுதினாய். பயந்தவன்தான் அப்படி எழுதுவான் என்று எனக்குப் பட்டது. நான் பச்சையம்மாள் வீட்டுக்கே போய்வந்தேன். யாரென்று சொல்லவில்லை. கன்றுக்குட்டி விலைக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போனேன். அவள் தாயார் ராசாத்தி மட்டும்தான் இருக்கிறாள், என் வயதுதான் இருக்கும். பச்சையம்மாளுக்குப் புருஷன் எப்போதோ போய்விட்டான், பிள்ளை இல்லை. கன்று விற்கிறதுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, வந்தவளைச் சும்மா அனுப்பக் கூடாது என்று மோர் கொடுத்தாள். அதைக் குடித்தேன். 

அமிர்தலிங்கத்தைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். அவர் வந்தால் வாசலோடு புல்லுக்கட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவாராம். தண்ணீர்கூட வாங்குவதில்லையாம். நீயே சொல், இது என்ன அடையாளம்?

அரியலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிற வேணுகோபால் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லாரியை ஓட்டியது அமிர்தலிங்கம், என் பேரன் அவருக்காகப் பழியை ஏற்றுக்கொண்டான், மறுபடி விசாரிக்க வேண்டும் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "பாட்டி, இவ்வளவு துல்லியமா வக்கீலே சொல்ல மாட்டார்" என்றார். நான் படிக்கிற புத்தகத்தைச் சொன்னேன். பொங்கல் கழித்துத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப்போகிறேன்.

ஐந்தாவது கதை வைத்திருக்கிறேன், அரிசி ஆலைக் கதை. முதலாளி செத்துக் கிடக்கிறார், டிரைவர் பையன் நான்தான் என்று ஒத்துக்கொள்கிறான். படித்துப் பார், நம் கதை மாதிரியே இருக்கும்.

உன் அம்மாயி,
மரிய புஷ்பம்

திருச்சி,
22-1-2024

அன்புள்ள அம்மாயிக்கு,

மனுவைக் கொடுத்துவிட்டாயா? கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. இதை முதல் வரியாக எழுத வேண்டும் என்றுதான் சுகம்கூட விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன். நன்றாக இருக்கிறாயா?

அரிசி ஆலைக் கதையை எல்லோருக்கும் படித்தேன். உன் கடைசிப் பக்கத்தில் நீலமேகம் கணக்குப்பிள்ளையைப் பிடிக்கிறார். டிரைவரை விடுவித்து, ஆண்டவர் உன்னைக் கைவிட மாட்டார் என்கிறார், சாப்பிட்டாயா ராசா என்று கேட்கிறார். அமாவாசை எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இத்தன கதையில அந்தாளு யாரையாச்சும் சாப்டியான்னு கேட்டிருக்காரா? இது அவரு பேச்சில்ல தம்பி. இது ஒங்க அம்மாயி பேச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அப்புறம் எனக்குச் சந்தேகம் வந்தது. இங்கே லைப்ரரியில் பழைய புத்தகங்கள் கொஞ்சம் இருக்கின்றன. மூன்று நாள் தேடி அதே பச்சை அட்டைத் தொகுப்பைக் கண்டுபிடித்தேன். அச்சில் இருக்கிற முடிவைப் படித்தேன். அதில் செய்தது அந்த டிரைவர்தான். தானாக முதலில் ஒத்துக்கொண்டால் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று நினைத்து ஒத்துக்கொள்கிறான். நீலமேகம் அவனைப் பார்த்து, நீ சொன்னது உண்மை, அதை நீ சொன்ன காரணம்தான் பொய் என்கிறார்.

மற்ற நாலு முடிவையும் ஒத்துப் பார்த்தேன். ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. இது ஒன்றை மட்டும் ஏன் மாற்றினாய் அம்மாயி?

ஆல்பர்ட்

இயேசு மரி சூசை துணை

வரதராசன்பேட்டை,
8-2-2024

அன்புள்ள ஆல்பர்ட்டுக்கு அம்மாயி எழுதுவது. நான் சாகாமல் இருக்கிறேன், நீ நன்றாக இருக்க வேண்டும்.

மாற்றியது உண்மை. பார்த்து எழுதத்தான் உட்கார்ந்தேன். டிரைவர் பேர் வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அன்றைக்கு அதை மூடி வைத்துவிட்டு முந்திரி உடைக்கப் போய்விட்டேன். மறுநாள் எடுத்தேன், அப்போதும் எழுத வரவில்லை. இந்தத் தாள் உன் கைக்குப் போகும், நீ ஏழு பேருக்கு நடுவில் வாய்விட்டுப் படிப்பாய் என்று நினைத்தேன். கணக்குப்பிள்ளை பேரை எழுதினேன். எழுதினதும் மனசு லேசாகிவிட்டது. அதைப் பாவம் என்று பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

மனுவை இன்னும் கொடுக்கவில்லை. வேணுகோபால் சாருக்கு உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டார், அதனால் நின்றது. மார்ச் நாலாம் தேதி திங்கட்கிழமை. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கொடுக்காதே என்று நீ சொன்னால் போதாது. ஏன் என்று சொல். நான் ஓட்டவில்லை என்று ஒரு வரி எழுது. இல்லை, ஓட்டினேன் என்று எழுது. இரண்டில் எது வந்தாலும் படிக்கிற ஆள்தான் நான்.

இந்தத் தடவை கதை வைக்கவில்லை.

உன் அம்மாயி,
மரிய புஷ்பம்

திருச்சி,
21-2-2024

அன்புள்ள அம்மாயிக்கு,

மார்ச் நாலுக்கு முன்னால் இது உன் கைக்கு வர வேண்டும் என்று ஆபீசரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

நான்தான் ஓட்டினேன்.

இதை மறைக்க நான் பதில் எழுதாமல் இருக்கவில்லை. இதைக் கோர்ட்டிலேயே சொல்லியாகிவிட்டது. இதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு இதை மட்டும் உனக்கு எழுத முடியவில்லை. உனக்கு எழுதும்போது மட்டும்தான் முடியவில்லை. போலீசிடம் முடிந்தது.

காலை ஐந்தரை மணி. அமிர்தலிங்கம் அண்ணன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அது என் முறைதான். கையில் போன். நண்பர்கள் குரூப்பில் ஒரு சிரிப்புப் படம் வந்திருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் கேட்டது. என்ன படம் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

அண்ணன் விழித்து, "என்னடா சத்தம்?" என்றார். நான், "நாய்ண்ணே" என்றேன்.

நாய் இல்லை என்று எனக்குத் தெரியும். சேலையைப் பார்த்தேன். நிறுத்தவில்லை. அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். எடைமேடை வரைக்கும் ஓட்டினேன். அங்கே அவர் இறங்கி முன்பக்கம் போனார். பம்பரில் பச்சைப் புல் சொருகியிருந்தது. ஒரு கொத்தைப் பிடுங்கிக்கொண்டு என் பக்கம் வந்து கேட்டார்.

"நாய் புல்லுக்கட்டு தூக்கிக்கிட்டா போச்சு?"

அவர்தான் வண்டியைத் திருப்பினார். போய்ச் சேர அரை மணி நேரம் ஆகிவிட்டது. அதுவரை அந்த வழியில் ஒருவரும் வரவில்லை. அந்தம்மா கருவேலமர ஓரத்தில் கிடந்தாங்க. உயிர் இருந்தது அம்மாயி. அண்ணன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். அந்தம்மா அவரிடம் என்னவோ சொன்னாங்க. நான் பக்கத்தில் போகவில்லை, தள்ளி நின்று ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். அதே போனில். அரியலூர் வருவதற்குள் முடிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று அங்கே யாரோ சொன்னார்கள்.

உடனே நிறுத்தினாயா என்று போலீஸ் கேட்டது. ஆமாம் என்றேன். அண்ணன் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்பீல் வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான். இன்னொரு தடவை யாராவது கேட்டால் இன்னொரு தடவை ஆமாம் என்று சொல்லியிருப்பேன்.

மனுவைக் கிழித்துவிடு. அவர் பேர் எதிலும் வரக் கூடாது.

ஆல்பர்ட்

திருச்சி,
14-4-2024

அன்புள்ள அம்மாயிக்கு,

பிப்ரவரியில் போட்ட கடிதம் வந்ததா? உன்னிடமிருந்து இரண்டு மாதமாக ஒன்றும் இல்லை. ஈஸ்டருக்கு எழுதுவாய் என்று இருந்தேன். போன் போட்டால் ஏஞ்சல் எடுக்கிறாள், அம்மாயி கோவிலுக்குப் போயிருக்கிறாள் என்கிறாள். எந்த நேரத்துக்குப் போட்டாலும் கோவில்தான்.

ஆபீசர் என் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இதை எழுதியது நீதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். மேலே தெரிவிக்க வேண்டியிருக்கும் என்றார். தெரிவியுங்கள் என்றேன். இதுவரை ஒன்றும் வரவில்லை.

அமாவாசைக்கு ஜாமீன் கிடைத்துப் போய்விட்டார். போகும்போது, மீதிக் கதை வந்தால் முடிவை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு, யாரையாவது படிக்கச் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

நீ திட்டியாவது ஒரு வரி எழுது.

ஆல்பர்ட்

இயேசு மரி சூசை துணை

வரதராசன்பேட்டை,
12-5-2024

ஆல்பர்ட்டுக்கு அம்மாயி எழுதுவது. உன் இரண்டு கடிதமும் வந்தன. உடம்பு இருக்கிறது. உனக்கு அங்கே வெயில் எப்படி என்று கேட்க வேண்டும், கேட்கிறேன்.

முதல் கடிதம் வந்த அன்று படித்துவிட்டு மடித்து வைத்தேன். அதற்கப்புறம் நான் எதையும் படிக்கவில்லை. கதையும் இல்லை, வேதமும் இல்லை. தெருவில் யாரோ பேரன் பேத்தி எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். எத்தனை பேர் என்று சொல்ல வாய் வரவில்லை.

மனுவை நான் கிழிக்கவில்லை. மார்ச் நாலாம் தேதி போய் வேணுகோபால் சாரிடமே கொடுத்து, இதில் இருப்பது பொய் என்றேன். கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது, இப்போது போய் இப்படிச் சொல்கிறீர்களே என்றார். எழுதியதற்கு அவர் கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டு அங்கிருந்தே செந்துறை பஸ் ஏறினேன்.

அமிர்தலிங்கம் வீட்டு வாசலில் நின்று நான் யார் என்று சொன்னேன். டீக்கடையில் அவரைப் பற்றி விசாரித்தது, மனு எழுதியது, எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அந்த அரை மணி நேரத்தைப் பற்றிக் கேட்டேன். எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"ஒன்னர வருசமா யாராச்சும் கேட்டா சொல்லிடணும்னு இருந்தேங்க. பொய் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். யாருமே கேக்கல. நீங்கதான் கேக்கறீங்க."

எதற்கு மாட்டுக்குப் புல் கொண்டு போகிறார் என்றும் கேட்டேன். அந்த நேரத்திலும் பச்சையம்மாள் மாட்டை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் கேட்டாளாம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இவர் சொல்லிவிட்டாராம். பிழைத்துவிடுவாள் என்று நினைத்து, ஒரு வாரத்துக்கு என்று சொன்னது. இப்போது நிறுத்த முடியவில்லை என்றார். இவரைத்தான் நான் மூன்று பக்கத்துக்குக் குற்றவாளி ஆக்கி வைத்திருந்தேன். யாருமே அப்படி ஆக்கச் சொல்லவில்லை. நானே தேடிப் போய்ச் செய்தது.

ராசாத்தி வீட்டுக்குப் போக எனக்கு அதற்கப்புறம் இரண்டு மாதம் ஆயிற்று. இரண்டு தடவை பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டேன். நீ போன் போட்ட நாளெல்லாம் நான் கோவிலில் இல்லை, அடுப்படியில்தான் இருந்தேன். ஏஞ்சலைப் பொய் சொல்ல வைத்தேன், அதுவும் என் கணக்கு.

போன வியாழக்கிழமை போனேன். அவள் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். கன்று கேட்டு வந்த பெரியம்மாவா என்றாள். இல்லை, உன் மகளை அடித்த லாரியை ஓட்டினவனுடைய அம்மாயி என்றேன். கரைத்த கை நின்றது. நான் நிற்காமல் சொன்னேன். போன், சிரிப்புப் படம், நாய் என்று நீ சொன்னது, எடைமேடை, எல்லாம். நிறுத்தினால் அரிசி ஆலைக் கதையில் செய்த மாதிரி எங்கேயாவது மாற்றிவிடுவேன் என்று பயந்தேன்.

அவள் அழவில்லை, சபிக்கவில்லை. "அரமணி நேரமா" என்று ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன். மாட்டுக்கு முன்னால் தவிட்டை வைத்தாள். கையைக் கழுவினாள். மோர் கொடுக்கவில்லை. நான் கிளம்பினேன். படல் வரைக்கும் வந்தேன், பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவன் மூஞ்சி எப்படி இருக்கும் என்று கேட்டாள். கோர்ட்டுக்கு அவள் வரவில்லையாம், யாரும் கூட்டிப்போகவில்லையாம்.

என் பையில் நீ லைசென்ஸ் எடுத்த அன்று மாலை போட்டு எடுத்த படம் இருந்தது. கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அதுக்கு முந்தி எடுத்தது. சிரிச்சிக்கிட்டு இருக்கான். இப்ப எப்படி இருக்கான்னு காட்டு. பாத்துட்டுச் சொல்றேன், இந்த வாசல்ல வந்து நிக்கலாமா கூடாதான்னு."

படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மீதிக் கதைகள் தைத்தபடி இருக்கின்றன. உனக்கு வேண்டுமானால் லைப்ரரியில் அச்சில் இருக்கிறபடியே படித்துக்கொள். அமாவாசைக்கும் அதைப் பார்த்தே எழுது.

ஜூன் பதினாலாம் தேதி உன்னை விடுகிறார்கள் என்று சாம் சொன்னான். நேரே இங்கே பஸ் ஏறாதே. பெரம்பலூரில் இறங்கி சாம் ரூமில் தங்கு, அவனிடம் சொல்லியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஸ்டுடியோ இருக்கிறது. சட்டையைப் பற்றிக் கவலைப்படாதே, முகம் தெரிந்தால் போதும். புதுப் போட்டோ ஒன்று எடுத்து, இரண்டு பிரதி போட்டு எனக்குத் தபாலில் அனுப்பு. ஒன்றை நான் செந்துறைக்குக் கொண்டுபோகிறேன். இன்னொன்று எனக்கு. நானும் பார்க்க வேண்டும்.

அம்மாயி,
மரிய புஷ்பம்